முக்கியக் குறிப்புகள்: தகவல் பாதுகாப்பு, தொழில் பாதுகாப்புச் சங்கங்களில் உறுப்பினராவது

பொதட்டூர்பேட்டையிலிருந்து டி.என்.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., சீருடைப் பணியாளர் தேர்வு எழுதும் தம்பி தங்கைகளுக்காகத் தொகுத்தது. இந்தப் பகுதியில் கேள்வி கடினமாக வருவதில்லை. ஆனாலும் மதிப்பெண் போகிறது. படை, அரசு முகமை, தொழில்முறைச் சங்கம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் காரணம். எந்தப் பெயரைப் படித்தாலும் "இதை அமைத்தது யார்?" என்று முதலில் கேளுங்கள். நாடாளுமன்றச் சட்டமா, அரசின் அறிவிக்கையா, அந்தத் தொழிலில் இருப்பவர்களே கூடி அமைத்ததா? பொருத்துக, கூற்று–காரணம் இரண்டுக்கும் இந்த ஒரு கேள்வியே பாதி விடை தந்துவிடும்.

தொழில் பாதுகாப்பு: தக்கோலத்திலிருந்து தொடங்குவோம்

• திருத்தணி வழியாக அரக்கோணம் போய் அங்கிருந்து சற்றுத் தள்ளிப் போனால் தக்கோலம். மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் (சி.ஐ.எஸ்.எஃப்.) மண்டலப் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. மாவட்டம் ராணிப்பேட்டை. படையின் 56-வது எழுச்சி நாள் விழா 2025 மார்ச்சில் இங்கு நடந்தது. மையத்துக்கு ராஜாதித்ய சோழன் பெயர் சூட்டப்பட்டதும் அப்போதுதான்.

• அந்தப் பெயர் ஏன்? பொ.ஆ. 949-ல் நடந்த தக்கோலப் போரில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்துப் போரிட்டு, யானைமீது இருந்தபடியே உயிர்நீத்தவன் ராஜாதித்யன். முதலாம் பராந்தகனின் மகன். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்று குறிக்கப்படுபவன் இவனே. வரலாறும் நடப்பு நிகழ்வும் ஒரே கேள்வியில் சேர்ந்து வரக்கூடிய இடம் இது. நம் பக்கத்து ஊர்ச் செய்தியை நாமே தவறவிடக் கூடாது.

• படை அமைந்த கதை: 1964-ல் ராஞ்சி கனரகப் பொறியியல் கழகத்தில் பெரிய தீ விபத்து. விசாரித்த நீதிபதி பி. முகர்ஜி ஆணையம், பொதுத்துறைத் தொழிலகங்களுக்குத் தனிப் படை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1968-ல் சட்டம். 1969 மார்ச் 10-ல் படை உதயம். 1983 திருத்தத்தில் ‘ஒன்றியத்தின் ஆயுதப்படை’ என்ற தகுதி. தொடக்கமே தீ விபத்து என்பதால், இந்தப் படையில் தனித் தீயணைப்புப் பிரிவு இருப்பதை நினைவில் வைப்பது எளிது.

• உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. விமான நிலையப் பாதுகாப்பு: 1999 டிசம்பர் ஐ.சி.814 விமானக் கடத்தலுக்குப் பிறகு, 2000-லிருந்து. தனியார் துறைக்கும் காவல் தரலாம் என்ற திருத்தம்: 2009. நாடாளுமன்ற வளாகப் பாதுகாப்பு: 2024 மே. முழுக்க மகளிர் கொண்ட முதல் பட்டாலியனுக்கு ஒப்புதல்: 2024 நவம்பர்.

• மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் (ஜி.டி.) தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். இந்தி, ஆங்கிலத்தோடு 13 மாநில மொழிகள் சேர்க்கப்பட்டன. "இந்தி தெரியாது" என்று விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காரணம் இப்போது இல்லை.

• தனியார் காவலர்கள்: தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. உரிமம் இல்லாமல் முகமை நடத்த முடியாது. காவலரின் வயது 18 நிறைந்தும் 65 எட்டாமலும் இருக்க வேண்டும்.

தகவல் பாதுகாப்பு: அரசின் அமைப்புகள்

• தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. நடைமுறைக்கு வந்தது 2000 அக்டோபர் 17. திருத்தம் 2008, அது நடைமுறைக்கு வந்தது 2009 அக்டோபர் 27. பிரிவு 66சி அடையாளத் திருட்டு, 66டி ஆள்மாறாட்ட மோசடி, 66எஃப் சைபர் பயங்கரவாதம். 66ஏ-வை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்தது.

• அதிகம் குழப்புவது இந்த இரட்டை. பிரிவு 70ஏ: தேசிய முக்கியத் தகவல் உள்கட்டமைப்புப் பாதுகாப்பு மையம் (என்.சி.ஐ.ஐ.பி.சி.), அறிவிக்கை 2014 ஜனவரி, தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பின் (என்.டி.ஆர்.ஓ.) கீழ். பிரிவு 70பி: இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு (செர்ட்-இன்), 2004 ஜனவரியிலிருந்து இயங்குவது, மின்னணு–தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ். மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு என நாட்டின் நாடி நரம்பான அமைப்புகளைக் காப்பது முன்னது. எந்தக் கணினிச் சம்பவத்துக்கும் முதலில் எச்சரிப்பதும் பதில் நடவடிக்கையை ஒருங்கிணைப்பதும் பின்னது.

• செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 உத்தரவு: சைபர் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இரண்டு எண்களும் முக்கியம்.

• இந்தியச் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் (ஐ4சி), உள்துறை அமைச்சகம். பணமோசடிப் புகாருக்கு 1930. நம் ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிறது. பணம் போனது ஒரு மாநிலம், கணக்கு இன்னொரு மாநிலம் என்று அலைக்கழிப்பு வரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173-ன்படி குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். இணைய வழியில் தந்தால் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். தேர்வுக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும்.

• எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 நவம்பர். அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய்.

இரண்டும் சந்தித்த இடம்: கூடங்குளம்

• 2019 செப்டம்பர் 4-ல் செர்ட்-இன் இந்திய அணுமின் கழகத்துக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்திருந்தது. அக்டோபர் 29-ல் நிலைய வட்டாரம் மறுப்பு வெளியிட்டது. மறுநாளே, அக்டோபர் 30-ல், அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தில் இணைந்திருந்த கணினி என்றும், அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. தீநிரலின் பெயர் டிட்ராக். வாசலில் எத்தனை காவல் இருந்தாலும் வலையமைப்பு வழியாக உள்ளே வர முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே நடந்த எடுத்துக்காட்டு இது. தொழில் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும் தனித்தனிப் படிப்பு என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும்.

• இதே வகையில் இன்னொரு தீநிரல் ஸ்டக்ஸ்நெட், 2010-ல் வெளிப்பட்டது. ஈரானின் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்தது. இணையத்தோடு தொடர்பில்லாத ஆலைக்குள் எப்படிப் போனது என்றால், யு.எஸ்.பி. வழியாக. எலெக்ட்ரானிக் ஜக்கார்டு உள்ள தறிக்கூடத்தில் டிசைன் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பென்டிரைவ் டிசைன் போடுகிறவரின் கணினியிலிருந்து இந்தக் கூடத்துக்கும், பிறகு அடுத்த கூடத்துக்கும் போகும். தறிக்கு இணைய இணைப்பே கிடையாது. ஆனாலும் அந்தக் கணினியில் இருப்பது தறிவரை வந்து சேரும். நடான்ஸில் நடந்ததும் இதே வழியில்தான். சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் புகுந்து, மையவிலக்கு இயந்திரங்களின் வேகத்தை மாற்றிவிட்டு, கண்காணிப்புத் திரையில் எல்லாம் சரியாக ஓடுவதுபோலக் காட்டியது.

சங்கம் அமைக்கும் உரிமை

• அரசமைப்புப் பிரிவு 19(1)(சி): சங்கம் அமைக்கும் உரிமை. நியாயமான கட்டுப்பாடு 19(4)-ல். காரணங்கள்: இறையாண்மையும் ஒருமைப்பாடும், பொது ஒழுங்கு, அறநெறி.

• 97-வது திருத்தம் (2011) இந்தப் பிரிவில் ‘கூட்டுறவுச் சங்கங்கள்’ என்பதைச் சேர்த்தது. பிரிவு 43பி-யும் அதே திருத்தத்தில் வந்தது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அதே திருத்தம் சேர்த்த பகுதி 9பி-யை மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என்றது. 19(1)(சி) மாற்றமும் 43பி-யும் நிலைத்திருக்கின்றன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை கட்டி உறுப்பினரான குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி தவறவே கூடாது.

• சங்கங்கள் பதிவுச் சட்டம், 1860: குறைந்தது 7 பேர். தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975.

• தமயந்தி நரங்கா வழக்கு, 1971: இந்தி சாகித்ய சம்மேளனத்தின் உறுப்பினர் அமைப்பைச் சட்டத்தால் மாற்றி, உறுப்பினர்கள் ஏற்காதவர்களை உள்ளே சேர்க்க வழி செய்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சேர்ந்து அமைக்கும் உரிமை என்பதில், தாங்கள் ஏற்றுக்கொண்டவர்களோடு தொடரும் உரிமையும் அடக்கம் என்றது. யாரைச் சேர்ப்பது என்று சங்கமே விதி வகுப்பதற்கு நம் நாட்டில் இருக்கும் சட்ட அடித்தளம் இது. வழிகாட்டி நூல்கள் பலவற்றில் ஒரு வரியோடு போய்விடுகிறது. எனக்கு இந்தப் பகுதியிலேயே கனமான தீர்ப்பு இதுதான்.

• பிரிவு 33: ஆயுதப்படை, பொது ஒழுங்கு காக்கும் படை, உளவு அமைப்பு ஆகியவற்றில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் கட்டுப்படுத்தலாம். காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம் 1966, உளவு அமைப்புகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டம் 1985 இரண்டும் இந்த வழியில் வந்தவை. சீருடைப் பணியில் சேர்ந்த பிறகு எந்த வெளிச் சங்கத்தில் சேர நினைத்தாலும் முதலில் துறையின் அனுமதி கேளுங்கள்.

சங்கங்களும் ஆண்டுகளும்

• ஏசிஸ் இன்டர்நேஷனல்: 1955, அமெரிக்கா. தொடங்கியபோது பெயர் ‘அமெரிக்கத் தொழில் பாதுகாப்புச் சங்கம்’. ஆலை, கிடங்கு, அலுவலகம் ஆகியவற்றின் பாதுகாப்பு நிர்வாகிகள் கூடியது. சி.பி.பி. சான்றிதழ் 1977 முதல்.

• ஐசாகா: 1969. அப்போது கணினித் தணிக்கையாளர் சங்கம். தகவல் அமைப்புத் தணிக்கையாளருக்கான சிசா சான்றிதழ் 1978 முதல். கோபிட் கட்டமைப்பு முதலில் வந்தது 1996. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கிளைகள் உண்டு.

• ஐ.எஸ்.எஸ்.ஏ. (தகவல் அமைப்புப் பாதுகாப்புச் சங்கம்): 1984. தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.சி.2: 1989, அதன் சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ் 1994 முதல்.

• ஐ.எஸ்.ஏ. (சர்வதேசத் தானியக்கச் சங்கம்): 1945. ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கான 62443 தர வரிசை இதன் குழுவிலிருந்து பிறந்தது.

• இந்தியாவில்: இந்தியக் கணினிச் சங்கம் (சி.எஸ்.ஐ.) 1965. இந்திய மறையாக்கவியல் ஆராய்ச்சிச் சங்கம், கொல்கத்தா, 2001. இண்டோகிரிப்ட் மாநாட்டோடு தொடர்புடையது, 2024-ல் அம்மாநாடு சென்னையில் நடந்தது. நாஸ்காம் அமைத்த இந்தியத் தரவுப் பாதுகாப்புக் குழுமம் (டி.எஸ்.சி.ஐ.) 2008.

• செட்ஸ், தரமணி, சென்னை. 2002. மின்னணுப் பரிவர்த்தனை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சங்கம். முதன்மை அறிவியல் ஆலோசகராக இருந்தபோது டாக்டர் அ.ப.ஜெ. அப்துல் கலாம் கருக்கொண்ட யோசனை. மறையாக்கம், வலையமைப்புப் பாதுகாப்பில் ஆராய்ச்சி செய்கிறது. கவனம்: சங்கமாகப் பதிவு பெற்றது என்றாலும், சந்தா கட்டி உறுப்பினராகும் வகை அன்று. ஆராய்ச்சி நிறுவனம். திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் தரமணி. அவ்வளவு அருகில் தேசிய அளவிலான சைபர் ஆராய்ச்சிக்கூடம் இருப்பது நம் பக்கத்துப் பொறியியல் மாணவர் பலருக்குத் தெரியாமலே போகிறது.

உறுப்பினராவது: நடைமுறை

• அடிப்படை வேறுபாடு. ஐசாகா, ஏசிஸ், சி.எஸ்.ஐ. ஆகியவற்றில் முதலில் உறுப்பினராகலாம். சான்றிதழ் வேறு, அது இல்லாமலும் உறுப்பினராக இருக்கலாம். ஐசாகாவில் உறுப்பினராகாமலேயே சிசா தேர்வு எழுதவும் முடியும். உறுப்பினருக்குத் தேர்வுக் கட்டணம் குறைவு. ஐ.எஸ்.சி.2-ல் வரிசை தலைகீழ்: சான்றிதழ் பெற்றால்தான் முழு உறுப்பினர்.

• சிசா: 150 கேள்விகள், 4 மணி நேரம். 200 முதல் 800 வரையிலான அளவில் 450 தேர்ச்சி. 5 ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முதலியவற்றுக்காக அதிகபட்சம் 3 ஆண்டு தள்ளுபடி. தேர்ச்சி பெற்ற 5 ஆண்டுக்குள் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

• சி.ஐ.எஸ்.எஸ்.பி.: 8 களங்கள். இடர் மேலாண்மை, சொத்துப் பாதுகாப்பு, கட்டமைப்பும் பொறியியலும், வலையமைப்பு, அடையாளமும் அணுகலும், மதிப்பீடும் சோதனையும், பாதுகாப்பு இயக்கம், மென்பொருள் உருவாக்கம். 2024 ஏப்ரல் முதல் 100–150 கேள்விகள், 3 மணி நேரம், 1000-க்கு 700. இவற்றில் குறைந்தது 2 களங்களில் மொத்தம் 5 ஆண்டு அனுபவம். பட்டம் இருந்தால் 1 ஆண்டு குறையும். வேலி, பூட்டு, தீத்தடுப்பு, சர்வர் அறையின் குளிர்ச்சி எல்லாம் இந்தப் பாடத்திட்டத்துக்குள் வருகின்றன.

• தேர்ச்சிக்குப் பிறகு நடப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை; அதனால் விரிவாக. தேர்ச்சி என்று தாள் வந்ததும் சான்றிதழ் கைக்கு வராது. இணையப் படிவத்தில் எங்கே, எந்தப் பதவியில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் களத்தில் வேலை பார்த்தோம் என்று எழுத வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் அதைப் படித்து, "இவர் சொல்வது உண்மை" என்று தன் உறுப்பினர் எண்ணோடு பரிந்துரைக்க வேண்டும். கெடு, தேர்ச்சியிலிருந்து 9 மாதம். அப்படி யாரையும் தெரியாத ஊரில் இருப்பவர்களுக்கு ஐ.எஸ்.சி.2 தானே ஆவணங்களைச் சரிபார்த்துப் பரிந்துரையாளராக நிற்கும். விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்துத் தணிக்கையும் செய்வார்கள். ஆகவே முதல் வேலையிலிருந்தே நியமனக் கடிதம், விடுவிப்புக் கடிதம், பொறுப்பு விவரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பணி ஒப்பந்தக்காரர் மூலம் வந்தது என்றால் இன்னும் கவனம் தேவை. ஒப்பந்தக்காரர் மாறிவிட்டால் எழுதித் தர ஆள் கிடைப்பதில்லை.

• அனுபவம் இல்லாமல் சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்ச்சி பெற்றால் ‘அசோசியேட்’. அனுபவம் சேர்க்க 6 ஆண்டு அவகாசம். அனுபவமே தேவைப்படாத தொடக்கச் சான்றிதழ் சி.சி., 2022-ல் வந்தது.

• சேர்ந்தபின் சும்மா இருக்க முடியாது. சிசா, சி.ஐ.எஸ்.எஸ்.பி. இரண்டுக்கும் 3 ஆண்டில் 120 மணி நேரத் தொடர்கல்வி; சிசாவுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20. கிளைக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பதும் கணக்கில் வரும். ஆண்டுக் கட்டணம் தனி.

• பணம்: சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வுக் கட்டணம் மட்டுமே 700 டாலருக்கு மேல். விசைத்தறி வருமானத்தில் படிக்கிற பிள்ளை இதைக் கடன் வாங்கிக் கட்டவே வேண்டாம். வேலைக்குப் போன பிறகு நிறுவனம் கட்டும். கல்லூரியில் சி.எஸ்.ஐ. மாணவர் கிளை இருந்தால் அங்கே தொடங்கலாம். மாணவர் உறுப்பினருக்குக் கட்டணம் குறைவு. "பணம் கட்டினால் ஒரே வாரத்தில் சர்வதேச உறுப்பினர் சான்றிதழ்" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் மேலே உள்ள அனுபவ விதியை அவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேரான பதில் வராது.

ஒழுக்க நெறி

• ஐ.எஸ்.சி.2-ன் நெறிகள் 4. ஒன்று: சமூகத்தையும் பொது நலனையும் மக்கள் நம்பிக்கையையும் உள்கட்டமைப்பையும் காப்பது. இரண்டு: நேர்மையோடும் பொறுப்போடும் சட்டப்படியும் நடப்பது. மூன்று: வேலை தந்தவர்க்குத் திறமையாகவும் அக்கறையாகவும் பணிசெய்வது. நான்கு: தொழிலை வளர்ப்பது, காப்பது. இந்த வரிசை முக்கியம். இரண்டு நெறி மோதினால் முன்னே இருப்பதே வெல்லும். முதலாளி மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறார்.

• இதைக் கேள்வியாக்கிப் பாருங்கள். ஒரு சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியில் யாரோ ஊடுருவியிருப்பதை நீங்கள் காலை 10 மணிக்குக் கண்டுபிடிக்கிறீர்கள். மேலாளர், "திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், வெளியே சொல்லாதே" என்கிறார். நெறிப்படி மக்கள் பாதுகாப்பு முதலில். சட்டப்படி செர்ட்-இன்னுக்கு மாலை 4 மணிக்குள் தகவல் போக வேண்டும். நெறியும் சட்டமும் இங்கே ஒரே திசையில் நிற்கின்றன. அதை மேலாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் வேலை. நெறி மீறினால் சங்கம் சான்றிதழையே பறிக்கலாம்.

தரங்கள்

• ஐ.எஸ்.ஓ. 27001 (தகவல் பாதுகாப்பு மேலாண்மைத் தரம்): பதிப்புகள் 2005, 2013, 2022. இப்போதுள்ள பதிப்பின் இணைப்பில் 93 கட்டுப்பாடுகள்: அமைப்பு 37, ஆட்கள் 8, இடப் பாதுகாப்பு 14, தொழில்நுட்பம் 34. முந்தைய பதிப்பில் 114. பழைய வழிகாட்டியில் 114 என்று இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

• 62443 (ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கானது): பாதுகாப்பு நிலைகள் 1 முதல் 4 வரை. தற்செயலான தவறிலிருந்து காப்பது நிலை 1. பெரும் வளமும் ஆழ்ந்த திறமையும் கொண்ட எதிரியிடமிருந்து காப்பது நிலை 4.

பயிற்சி

• பொருத்துக: (அ) மத்திய தொழில் பாதுகாப்புப் படை, (ஆ) என்.சி.ஐ.ஐ.பி.சி., (இ) ஏசிஸ், (ஈ) செட்ஸ். (1) தொழில்முறை உறுப்பினர் சங்கம், (2) 1968 சட்டம், (3) பதிவு பெற்ற ஆராய்ச்சிச் சங்கம், (4) பிரிவு 70ஏ அறிவிக்கை. விடை: அ–2, ஆ–4, இ–1, ஈ–3.

• கூற்று: சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வில் தேர்ச்சி பெற்றவர் அனைவரும் உடனே ஐ.எஸ்.சி.2-ன் முழு உறுப்பினர். காரணம்: அச்சங்கத்தில் முழு உறுப்பினர் தகுதி சான்றிதழோடு இணைந்தது. விடை: கூற்று தவறு, காரணம் சரி. தேர்ச்சிக்கும் சான்றிதழுக்கும் நடுவே அனுபவமும் பரிந்துரையும் இருக்கின்றன.